பூங்கொடி அக்கா ஏன் கையெழுத்துப் போட்டார்?

1

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மதியச் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது சிங்காநல்லூரிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். அண்ணனுக்கு அங்கே சின்னதாக ஒரு லேத் பட்டறை. பம்ப்செட் மோட்டாருக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கிறார். ஏதோ ஒரு நாட்டில் நம் ஆட்களைக் கொட்டகையில் அடைத்து வேலை வாங்கிய செய்தியை டிவியில் பார்த்துவிட்டு, அந்தச் சூட்டோடு பேசினார்.

"ஏன் ரோஸி, இவிங்களுக்கெல்லாம் சொரணையே கெடையாதா? என்ன சொன்னாலும் கேட்டுக்கிட்டு அங்கயே கெடக்கறாங்க. வாயில என்ன கொழுக்கட்டையா? நானா இருந்தா மூஞ்சிலயே சாவிய வீசிப்போட்டு வந்திருப்பேன்."

"அடுப்புல சோறு இருக்குதுண்ணா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் இன்னும் எதுவும் ஏறியிருக்கவில்லை. வைத்த பிறகுதான் கோபம் வந்தது. அன்று சாயங்காலம் வரை வீட்டில் யாரோடும் ஒழுங்காகப் பேசவில்லை. அண்ணனிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். ஊரில் இதே கேள்வியைக் கேட்கிற மற்றவர்களும் படிக்கட்டும்.

கடன் என்பார்கள் முதலில். உண்மைதான், ஏஜென்டுக்குக் கொடுத்த கடன் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் கடனை அடைத்தவர்களும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். நான் இரண்டாம் வருடமே அடைத்துவிட்டேன். அதன் பிறகுதான், என் வாழ்க்கையிலேயே வெட்கப்படும்படியான காரியத்தைச் செய்தேன்.

2

இங்கிலாந்துக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. கிழக்குக் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். வீடு வீடாகப் போய், தனியாக இருக்கும் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பாடு கொடுத்து, மாத்திரை போடவைத்துவிட்டு வரும் வேலை. ஊரில் சொந்தக்காரர்களிடம் 'நர்ஸ்' என்று சொல்லி வைத்திருக்கிறோம். பங்குச் சாமியார் பிரசங்கத்தில்கூட அப்படித்தான் சொல்லி எனக்காக ஜெபித்தாராம்.

என் விசா என்னுடையது அல்ல, முதலாளியுடையது. 'இவள் இனி எங்களுக்கு வேண்டாம்' என்று கம்பெனி ஒரு மின்னஞ்சல் தட்டினால் போதும். அறுபது நாளுக்குள் என்னை ஏற்றுக்கொள்ள இன்னொரு கம்பெனி கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் நான், என் கணவர், மகள் ஜெனி மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். அண்ணன் வீசச் சொன்ன சாவி இதுதான்.

பூங்கொடி அக்காவை முதல் வாரமே சந்தித்தேன். பஸ் நிறுத்தத்தில் அம்மாவோடு போனில் பேசி முடித்து "வாரேனுங்மா" என்று நான் வைத்ததைக் கேட்டுவிட்டு, தலையில் முக்காடு போட்டிருந்த ஒரு பெண் திரும்பினார்.

"ஏனுங், நீங்க கோயமுத்தூருங்களா?"

அந்தக் குளிரில் அந்த 'ஏனுங்' எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அக்காவுக்குத் தொண்டாமுத்தூர்ப் பக்கம், மலையடிவாரம். கணவர் சின்னச்சாமி அண்ணன் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ள, அக்கா கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனிக்கும் வேலையில் பன்னிரண்டு வருடம் இருந்தவர். இரண்டு பெண்கள், இரண்டு பேரும் படிக்கிறார்கள். இரண்டு வருடம் தொடர்ந்து யானை இறங்கித் தோப்பைப் பாழாக்கியதும், இங்கே கிளம்பி வந்துவிட்டார். எங்கள் இருவருக்கும் ஒரே கம்பெனி.

கம்பெனியை நடத்தியவர் டெப்ரா. ஐம்பது வயதிருக்கும். சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததே இல்லை. எதைச் சொன்னாலும் கடைசியில் 'லவ்' என்று சேர்த்துக்கொள்வார். இங்கே அது சாதாரணப் பேச்சு. ஆனால் எங்கள் இருவர் காதிலும் அது 'கண்ணு' என்றுதான் விழுந்தது. "இந்தம்மா பரவால்லீங்க, கண்ணு கண்ணுன்னு கூப்படறாங்க" என்று அக்கா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

சனிக்கிழமை என் வீட்டைக் கொஞ்சம் துடைத்துத் தர முடியுமா கண்ணு. லீவு நாளிலும் போனை அணைக்காதே கண்ணு. இரண்டு பேர் போக வேண்டிய வீட்டுக்கு இன்றைக்கு மட்டும் ஒருத்தியே போய்விட்டு வா கண்ணு. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு மழையில் நடக்கிற நேரம் வேலை நேரத்தில் சேராது, தெரியும்தானே கண்ணு.

அதட்டியிருந்தால் ஒருவேளை நாங்களும் எதிர்த்துப் பேசியிருப்போம். மரியாதையாகக் கேட்டவரிடம் முடியாது என்று சொல்வது எங்கள் ஊரில் பழக்கமில்லை. 'இருக்கட்டுங்க' என்று சொல்லித்தான் வளர்ந்தோம். அந்த மரியாதைக்கு ஊருக்கு ஊர் எங்களைப் பாராட்டுகிறார்கள். அதை வைத்தே எங்களை எவ்வளவு சுலபமாக வேலை வாங்கலாம் என்று டெப்ராவுக்கு ஒரே மாதத்தில் தெரிந்துவிட்டது.

3

அக்கா கவனித்துக்கொண்ட வீடுகளில் ஒன்றில் ஒரு பழைய மீனவர் இருந்தார். ஆள் நல்ல உயரம், நல்ல கனம். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், தூக்கும் இயந்திரமும் வேண்டும். அப்படித்தான் அவருடைய கோப்பில் எழுதியிருக்கிறது. இயந்திரத்தில் மாட்டுகிற துணி கிழிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அக்கா மூன்று முறை சொல்லியும் புதுத் துணி வரவில்லை.

அன்று காலை கூட வரவேண்டியவரை டெப்ரா வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அக்கா தனியாக உள்ளே போனபோது அந்த மனிதர் படுக்கையிலேயே எல்லாம் போய்விட்டு, வெட்கத்தில் அழுதுகொண்டு கிடந்தார். அக்கா ஆபீசுக்கு போன் செய்தார். "யாரையும் அனுப்ப முடியாது லவ், நீ கெட்டிக்காரி, முடிந்ததைச் செய்" என்று பதில் வந்தது.

சட்டப்படி அக்கா வெளியே போய் நின்றுகொண்டிருக்கலாம். அண்ணனும் அதைத்தான் சொல்வார். அழுகிற கிழவரை மலத்தில் கிடக்க விட்டுவிட்டு எப்படி நிற்பது என்பதை அண்ணன்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும்.

அக்கா தனியாகத் தூக்கினார்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு போன் வந்தது. நான் இரண்டு தெரு தள்ளி இருந்தேன். ஓடிப் போய்ப் பார்த்தபோது கிழவர் சுத்தமாகி, வெளுத்த சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா தரையில் கைகளை ஊன்றி மண்டியிட்டு, நெற்றியைக் கட்டில் சட்டத்தில் அழுத்திக்கொண்டிருந்தார். கிழவர் நன்றாக இருந்த கையை நீட்டி அக்காவின் முதுகைத் தொட முயன்று, எட்டாமல், திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மணி, இடுப்புல சுரீர்ன்னு வந்துச்சுங்க. எந்திரிக்க முடியல. இந்தக் காலு என்ற காலு மாதிரியே இல்லீங்க."

"அசையாதீங்க்கா. நான் ஆம்புலன்சக் கூப்படறேன்."

"மொதல்ல ஆபீசுல சொல்லுங்க. இல்லீனா வம்பாயிரும். அப்பறம் அம்மணி, அந்தத் தாத்தனுக்கு ஒரு டீ வெச்சுக் குடுத்துருங்க. காத்தால இருந்து ஒண்ணும் குடிக்கல, பாவம்."

4

ஆபீசிலிருந்து ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றார்கள். டெப்ராவே காரில் வந்து அக்காவை ஆபீசுக்குக் கூட்டிப்போனார். அக்காவுக்காக இங்கிலீஷில் பேச நானும் கூடப் போனேன். நாற்காலியில் தலையணை வைத்து உட்காரவைத்தார். தேநீர் போட்டுக் கொடுத்தார். கதவைச் சாத்தினார். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

அக்கா வியர்த்த முகத்தோடு, "பரவாயில்லீங்க" என்றார்.

வலிக்கிறது, ஆனால் உங்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. 'ஓகே' என்று சொல்கிறார் என்றேன். டெப்ரா அதை அப்படியே நேரம் போட்டு எழுதிக்கொண்டார்.

பிறகு இரண்டு பக்கக் காகிதம் ஒன்றை எடுத்து வைத்தார். பூங்கொடிக்கு முன்பே இடுப்பு வலி இருந்தது, தனியாகத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தும் தன் இஷ்டத்துக்குத் தூக்கினார், கம்பெனிக்கு இதில் பொறுப்பில்லை. இதுதான் அதில் இருந்தது.

"அவள் மொழியில் நீயே சொல்லிவிடு லவ், அவளுக்கு ஆறுதலாக இருக்கும்" என்றார் டெப்ரா என்னிடம். அப்புறம் என் தோளில் கைவைத்து, வேறு ஒன்றையும் சொன்னார். இது கம்பெனியின் தவறு என்று வெளியே போனால் அதிகாரிகள் வருவார்கள். வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கிற லைசென்ஸ் போகும். முப்பத்திரண்டு பேருக்கும் விசா போகும். "உன் மகளுக்கு அடுத்த வருடம் பரீட்சை அல்லவா?"

ஜெனியின் பரீட்சை பற்றி நான் அவரிடம் எப்போது சொன்னேன் என்று யோசித்தேன். ஒரு சனிக்கிழமை அவர் சமையலறையைத் துடைத்துக்கொண்டே நானேதான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது எழுதப் போவதை அழகாகச் சொல்ல வழியில்லை. அக்காவிடம் நான் சொன்னது இதுதான்.

"அக்கா, இது சும்மா பதிவுக்குங்க. நடந்தத எழுதியிருக்காங்க. போட்டுட்டா லீவு குடுத்துருவாங்க. எல்லாத்துக்கும் நல்லதுங்க."

அக்கா காகிதத்தைத் தன் பக்கம் நகர்த்தி, இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் பார்த்தார். "நீங்க சொன்னாச் சரிங்க அம்மணி" என்றார். தமிழில் பூங்கொடி என்று கையெழுத்துப் போட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டதால் கடைசி எழுத்து கோடாக இழுத்துக்கொண்டு போனது.

5

லீவு கொடுக்கவில்லை. 'லேசான வேலை' என்று சொல்லி டெப்ராவின் வீட்டில் துணி மடிக்கவும் பாத்திரம் கழுவவும் விட்டார்கள். இரண்டு வாரத்தில் அக்காவுக்கு இடது கால் மரத்துப்போனது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, முதுகெலும்பு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, ஆப்பரேஷன் வேண்டும், வரிசையில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். காத்திருக்கையில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. விதியை மீறி நடந்துகொண்டதால் வேலை ரத்து. ஆதாரமாக அக்கா கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகலை இணைத்திருந்தார்கள்.

நடக்க முடியாதவரை எந்தக் கம்பெனி எடுக்கும்? அறுபது நாள் கடந்து போனது. சின்னச்சாமி அண்ணன் எனக்கு போன் செய்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன்.

"யானை வந்தாத் தகரத்தத் தட்டலாமுங்க அம்மணி. பட்டாசு வெக்கலாம். இதுக்கு நான் இங்கிருந்து என்னத்தைங்க தட்டறது?"

சக்கர நாற்காலியில் வைத்து அக்காவை விமானம் ஏற்றிவிட்டு வந்தோம். வரும் வழியில் காரில் ஜெனிதான் பேச்சை எடுத்தாள். இந்த ஊர்ப் பிள்ளைகளைப் போலவே இங்கிலீஷ் பேசுகிறாள் இப்போது. தமிழில் பேச வேண்டுமென்றால் ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுக்கிறாள். அக்காவுக்கு வந்த கடிதத்தையும் அந்தக் காகிதத்தையும் அவள் படித்திருக்கிறாள், அதை மொழிபெயர்த்தது நான் என்றும் அவளுக்குத் தெரியும்.

"ஆன்ட்டி... உன்னைத்தானே நம்பினாங்க, மம்மி? நீ ஏன் நோ சொல்லல?"

"உன் பரீட்சைக்காகத்தாண்டி" என்று கத்தினேன்.

"நான் கேட்டேனா?" என்றாள். அன்றிலிருந்து சில மாதம் என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினாள்.

அண்ணனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பட்டறையில் ஒடிசாக்காரர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆதார் அட்டைகளை 'பத்திரமா இருக்கட்டும்' என்று மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒருவருக்கு விரல் போனபோது, அவர் தூக்கக் கலக்கத்தில் கையை விட்டார் என்று நீங்கள் எழுதி, அவர் ரேகை வைத்தார். ஆஸ்பத்திரிச் செலவை நீங்களே செய்தீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவருக்குச் சொரணை இல்லையா என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. 'தங்கமான பையன்' என்றுதான் சொன்னீர்கள்.

6

அக்கா போன அடுத்த மாதம் நான் விசா அலுவலகத்துக்கும் பணியிடப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் கடிதம் எழுதினேன். இங்கிலீஷைத் திருத்தித் தந்தவள் ஜெனி. கிழிந்த துணி, ஒற்றை ஆள், டெப்ராவின் வீட்டு வேலை எல்லாவற்றையும் எழுதினேன். 'நான் பொய்யாக மொழிபெயர்த்தேன்' என்று என் பெயர் போட்டு எழுதினேன்.

மூன்று மாதம் பதிலே இல்லை. பிறகு ஒருநாள் அதிகாரிகள் வந்தார்கள். பெட்டி பெட்டியாகக் கோப்புகளை அள்ளிப்போனார்கள். குற்றம் உறுதியாகிவிட்டது. லைசென்ஸ் போனது. நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைப்பீர்கள். மிச்சமிருந்த முப்பத்தொரு பேருக்கும் ஒரே நாளில் கடிதம் வந்தது, அறுபது நாளில் வேறு கம்பெனி தேடுங்கள், இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போங்கள் என்று. குற்றம் செய்தவர் சொந்த வீட்டில் இருந்தார். அவரால் முதுகு ஒடிந்தவர்களுக்குத்தான் தண்டனை. அண்ணா, இதைச் சட்டம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். டெப்ரா எங்களை மிரட்டியது பொய்யே இல்லை. நடக்கப் போவதைத்தான் சொல்லியிருக்கிறார்.

அன்னூர்க்காரர் ரவிக்குமார் எங்களோடு வேலை பார்த்தவர். மனைவியும் கைக்குழந்தையும் அப்போதுதான் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். புகார் எழுதியது நான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"நல்லா இருங்க அக்கா. முப்பது குடும்பத்துப் பொழப்புல மண்ண வாரிப் போட்டுட்டீங்க. உங்களுக்கு மனசாட்சி உறுத்துச்சு, சரிங்க. அதுக்கு எங்களையும் கேட்டிருக்கலாமுங்களே?"

கோபத்திலும் 'ங்க' விடவில்லை. அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தக் கோபம் முழுவதும் அவர் எதிரில் நின்ற என்மேல் வந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. டெப்ரா இருக்கும் தெரு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் யாரும் அங்கே போகவில்லை.

ஐம்பத்தாறாம் நாள் எனக்கு வேறு ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. பதினொரு பேர் ஊருக்குத் திரும்பினார்கள். ரவிக்குமார் அதில் ஒருவர். டெப்ராவின் தம்பி பெயரில் அதே கட்டடத்தில் இப்போது புதுக் கம்பெனி நடக்கிறது. பெயர்ப்பலகை மட்டும் புதுசு.

7

தொழிற்சங்கத்தில் பிடித்துக் கொடுத்த ஒரு வக்கீல் அக்காவுக்காக நஷ்ட ஈட்டு வழக்குப் போட்டார். கம்பெனி மூடினாலும் அதன் காப்பீடு பதில் சொல்லியாக வேண்டுமாம். கோயமுத்தூரிலிருந்து வீடியோவில் சாட்சி சொல்ல அனுமதி வாங்கவே பல மாதம் ஆனது. அது கிடைக்கும் முன், இந்த ஜனவரியில், நான் ஊருக்குப் போனேன். தொண்டாமுத்தூருக்கும் போனேன்.

அக்காவுக்கு கோயமுத்தூரிலேயே ஆப்பரேஷன் முடிந்திருந்தது. இடுப்பில் பெல்ட் போட்டு, மெதுவாக நடந்தார். அதிக நேரம் உட்கார முடியாது என்று சமையல்கட்டுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே பேசினார். காப்பி கொடுத்தார். நான் குடிக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து புறப்படும்போதே மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பைச் சொன்னேன். அவருக்குச் சரியாகத் தெரியாத மொழியில் இருந்ததை நான் மாற்றிச் சொல்லி ஏமாற்றிவிட்டேன் என்று சொல்லி அழுதேன்.

அக்கா என்னை முடிக்க விடவில்லை.

"ஆரு சொன்னா எனக்குத் தெரியாதுன்னு? அவிங்க வேகமாப் பேசறதுதானுங்க எனக்குப் பிடிபடாது. எழுத்துல இருந்தாப் படிப்பனுங்களே. பரீட்சை எழுதித்தானே விசா வாங்குனேன். அந்த ரெண்டு பக்கத்தையும் படிச்சுட்டுத்தான் போட்டேன்."

"அப்பறம் ஏனுங்க்கா?"

"அந்தம்மா உங்க தோள்ல கை வெச்சு என்னமோ சொன்னாங்க. உங்க மூஞ்சி வெளுத்துப்போச்சு. அதப் பார்த்தேன். லைசென்சு, விசா, முப்பத்திரண்டு பேருன்னு வார்த்தையும் காதுல விழுந்துச்சுங்க. நான் போடலீன்னா உங்க புள்ளையோட, இன்னும் முப்பது பேரு பெட்டியக் கட்டோணும். எனக்கு இடுப்பு ஏற்கெனவே போயிருச்சு. போனது ஒருத்தியோட போகட்டும்னு போட்டேன்."

"என் மேல கோவமே இல்லீங்களா?"

"இருக்குதுங்க. ஏன் இல்லாம? இதுல இப்படி எழுதியிருக்குதுக்கா, ஆனா எனக்குப் பயமா இருக்குதுன்னு நீங்க சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன். பொய் சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் கோவம்."

ஆறிப்போன காப்பியை என் பக்கம் நகர்த்தினார். பிறகு அவரே சொன்னார்.

"வக்கீலு, 'படிக்கத் தெரியாம போட்டேன்னு சொல்லுங்க, கேசு சுலபமாயிரும்'ங்கறாரு. நான் மாட்டேன்னு சொல்லிப்போட்டேன். என்ற புள்ளைங்க நாளைக்கு அந்தக் கேசுக் கட்டப் படிக்கும். ஏமாந்த பொம்பளைன்னு அதுல இருக்கக் கூடாதுங்க. நீங்களும் எங்கயாச்சும் எழுதுனா அப்படி எழுதாதீங்க."

இரண்டு மாதம் கழித்து விசாரணை நடந்தது. நான் சாட்சியாக நேரில் போயிருந்தேன். சுவரில் இருந்த திரையில், கோயமுத்தூரில் ஏதோ ஒரு வக்கீல் அலுவலகத்தில், அக்கா நின்றுகொண்டிருந்தார். உட்காரலாம் என்று நீதிபதி சொன்னார். நிற்பதுதான் சௌகரியம் என்றார் அக்கா. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தயாராக இருந்தார். இந்தக் காகிதத்தில் இருப்பது புரிந்துதான் கையெழுத்துப் போட்டீர்களா என்று காப்பீட்டுக் கம்பெனியின் வக்கீல் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்கும் முன்பே அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தன்னுடைய இங்கிலீஷில் பதில் சொன்னார். படித்தேன், பொய் என்று தெரியும், போட்டேன், போடாவிட்டால் எல்லாரையும் அனுப்பிவிடுவார்கள் என்றார். வாக்கியம் உடைந்து உடைந்துதான் வந்தது. திரும்பச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பயமுறுத்தி வாங்கிய கையெழுத்து செல்லாது, விபத்துக்குக் கம்பெனியே பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. ஆப்பரேஷன் செலவையும் இழந்த சம்பளத்தையும் காப்பீடு கொடுத்தது. விசாரணை நாளில் டெப்ரா நீதிமன்றத்துக்கே வரவில்லை. அக்காவால் இனி யாரையும் தூக்கும் வேலைக்குப் போக முடியாது.

அன்று விசாரணை முடிந்து நான் வெளியே வந்து நின்றபோது அக்காவிடமிருந்து போன் வந்தது.

"அம்மணி, என்ற இங்கிலீசு அவிங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுதுங்க்கா" என்றேன். "ஒரு வார்த்தை விடாமப் புரிஞ்சுது."